குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது: பதினான்கு பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்த ஆய்வு

எடையைக் குறைக்க என்ன செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். குறைத்த எடை ஆறு வருடம் கழித்தும் ஏறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அவ்வளவு நாள் யாரும் யாரையும் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை என்பது ஒரு காரணம். 'முன்', 'பின்' என்று இரண்டு போட்டோவை ஒட்டியதோடு கதையை முடித்துவிடுகிறோம். அந்தப் 'பின்' போட்டோவுக்கு அப்புறம் அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு.

ஒரு குழுவை மட்டும் விடாமல் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒளிபரப்பான 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற எடை குறைப்பு ரியாலிட்டி ஷோவின் போட்டியாளர்கள் அவர்கள். 2009-இல் நடந்த சீசனில் கலந்துகொண்ட 16 பேரில் 14 பேரை, ஆறு வருடம் கழித்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் திரும்ப அழைத்துப் பரிசோதித்தார்கள். அந்தப் 14 பேர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்கள். டிவி ஷோவில் வந்தவர்களை வைத்து நமக்கென்ன என்று தோன்றலாம். எனக்கும் அந்த மாதிரி ஷோக்கள் மீது மரியாதை கிடையாது. ஆனால் எடையை இவ்வளவு வேகமாகக் குறைத்து, பிறகு இவ்வளவு காலம் கழித்து, இவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்ட மனிதர்கள் வேறு எங்கும் எளிதில் கிடைக்கமாட்டார்கள்.

முதல் 30 வாரம்

போட்டி தொடங்கும்போது அவர்களுடைய சராசரி எடை 148.9 கிலோ. ஆரம்ப வாரங்களில் வீடு, வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே இடத்தில் தங்கியிருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள், தினம் ஒன்றரை மணி நேரம் பயிற்சியாளர் மேற்பார்வையில் கடுமையான உடற்பயிற்சி. அதற்கு மேல் தினமும் இன்னும் மூன்று மணி நேரம் வரை தாங்களாகவே செய்யச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். சாப்பாட்டில் கலோரிக் குறைப்பு. வாரம் ஒருவராக வெளியேறுவார்கள், வெளியேறியவர்கள் வீட்டுக்குப் போய்த் தொடர்வார்கள், 30-ஆவது வாரம் எல்லோரும் கடைசி எடை பார்க்க வந்து நிற்பார்கள்.

அன்றைக்கு சராசரி எடை 90.6 கிலோ. ஒரு ஆளுக்கு 58 கிலோ குறைந்திருந்தது. கைதட்டல், கண்ணீர், விளம்பர இடைவேளை.

இந்த 30 வாரத்தை நான் குறை சொல்ல வரவில்லை. எடையைக் குறைப்பதுதான் வேலை என்றால் அந்த வேலை கச்சிதமாக நடந்திருக்கிறது. எடை குறைந்த பிறகு அந்த மனிதர்கள் வாழ வேண்டிய நாள் ஒன்று, 31-ஆவது வாரத்தின் திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்வோமே, அந்த நாளைப் பற்றி அந்த ஏற்பாட்டில் எதுவுமே இல்லை. வேலைக்குப் போகும் ஒரு மனிதன் தினம் நாலு மணி நேரம் உடற்பயிற்சி செய்ய முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பயிற்சியாளர் வந்து பார்த்துக்கொள்ளமாட்டார். எடையைக் குறைத்த வழி எதுவோ அதில் ஒரு மணி நேரத்தைக்கூட அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத மாதிரி அமைந்திருந்தது.

ஆறு வருடம் கழித்து

திரும்ப அழைத்து எடை பார்த்தபோது சராசரி 131.6 கிலோ. அதாவது குறைத்த 58 கிலோவில் 41 கிலோ திரும்பிவிட்டது. ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஏதோ ஓர் அளவு ஏறியிருந்தது.

அதைவிடப் பரபரப்பாகப் பேசப்பட்டது இன்னொரு அளவு. நாம் ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்போதும் இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் வேலை செய்வதற்காக உடல் எரிக்கும் கலோரிதான் ஓய்வுநிலைச் செலவு. பேச்சுவழக்கில் 'மெட்டபாலிசம்' என்று சொல்வது இதைத்தான். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, காலையில் அசையாமல் படுக்கவைத்து, விடும் மூச்சில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது, கரியமில வாயு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். ஏமாற்ற முடியாத அளவு. போட்டிக்கு முன் அது நாளுக்கு 2,607 கலோரி. போட்டி முடிந்த அன்று 1,996. எடை குறைந்தால் இதுவும் குறையத்தான் செய்யும், சின்ன உடம்புக்குச் சின்னச் செலவு, அதில் ஆச்சரியமில்லை. ஆறு வருடம் கழித்து 41 கிலோ ஏறிவிட்ட பிறகு பார்த்தால் அது 1,903. எடை ஏறியிருக்கிறது, செலவு ஏறவில்லை! அந்த எடையும் அந்த வயதும் உள்ள ஒருவருக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது அவர்கள் உடல்.

கூடவே லெப்டின். கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து, 'கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. போட்டி முடிவில் கிட்டத்தட்ட தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஆறு வருடம் கழித்தும் பழைய அளவுக்கு முழுசாகத் திரும்பவில்லை.

2016-இல் இந்த ஆய்வு வெளியானதும் செய்திகள் எப்படி வந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். 'எடையைக் குறைத்தால் மெட்டபாலிசம் கெட்டுவிடும், உடம்பு உங்களைப் பழிவாங்கும், எதுவும் செய்ய முடியாது.' இன்றைக்கும் ஜிம் பேச்சிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 'எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ, அதனால்தான்' என்ற வாக்கியத்துக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டது.

அந்த ஆய்வை ஒழுங்காகப் படித்தால் கதை அப்படி இல்லை.

செய்திகளில் விட்டுப்போனது

முதல் விஷயம் சின்னது. 148.9 கிலோவில் இருந்தவர்கள் ஆறு வருடம் கழித்து 131.6 என்றால், ஆரம்பத்தைவிட சராசரியாக 17 கிலோ, அதாவது 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் குறைவாகவே இருக்கிறார்கள். ஆறு வருடம் கழித்து 12 சதவீதம் என்பது எடை குறைப்பு உலகத்தில் தோல்வியே கிடையாது. 58 கிலோவோடு ஒப்பிட்டதால்தான் அது தோல்வி மாதிரித் தெரிகிறது. 

இரண்டாவது விஷயம்தான் கனமானது. மெட்டபாலிசம் மெதுவானதால்தான் எடை ஏறியது என்றால், யாருக்கு அதிகம் மெதுவானதோ அவருக்குத்தானே அதிகம் ஏறியிருக்க வேண்டும்? அளவுகள் அப்படிச் சொல்லவில்லை. போட்டி முடிந்த அன்று ஒருவருடைய மெட்டபாலிசம் எவ்வளவு இறங்கியிருந்தது என்பதற்கும் அவருக்குப் பிறகு எவ்வளவு எடை ஏறியது என்பதற்கும் குறிப்பிடும்படியான தொடர்பு இல்லை. ஆறாவது வருடத்தில் பார்த்தால் இன்னும் வேடிக்கை: எடையை நன்றாகக் காப்பாற்றிக்கொண்டவர்களுக்குத்தான் மெட்டபாலிசம் அதிகம் மெதுவாகியிருந்தது.

இதை இரண்டு முறை படிக்கலாம், தப்பில்லை. மெதுவான மெட்டபாலிசம் உள்ளவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள்.

இரண்டு பாதிகள்

அடுத்த வருடம், 2017-இல், இதே 14 பேரைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. முதல் கட்டுரைக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆனால் எடையை நிரந்தரமாகப் பிடித்துவைக்க நினைக்கும் யாருக்கும் உண்மையான சரக்கு இதில்தான் இருக்கிறது.

14 பேரையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். எடையை ஓரளவு காப்பாற்றியவர்கள் ஒரு பக்கம்: இவர்கள் ஆறு வருடம் கழித்தும் ஆரம்ப எடையைவிடச் சராசரியாக 25 சதவீதம் குறைவாக இருந்தார்கள். கால்வாசி உடம்பு திரும்ப வரவே இல்லை. மறுபக்கம் எடை திரும்பியவர்கள்: இவர்கள் ஆரம்ப எடையைவிட 1 சதவீதம் மேலே போயிருந்தார்கள். ஒரே ஷோ, ஒரே பயிற்சி, ஒரே கைதட்டல், இப்படி இரண்டு முடிவு.

எங்கே பிரிந்தார்கள்? சாப்பாட்டிலாக இருக்கும் என்று தோன்றும். இவர்கள் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை அவர்கள் வாய்வழியாகக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சாப்பிட்டதை நினைவுகூர்ந்து சொல்லச் சொன்னால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வோம், யாரும் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்வதில்லை, மறந்துபோகிறது. அதனால் வேறு முறை. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். பாதுகாப்பானது, சாதாரணத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அந்த ஹைட்ரஜன் தண்ணீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். அடுத்து வரும் நாட்களில் சிறுநீரில் இரண்டும் எந்த வேகத்தில் குறைகின்றன என்று பார்த்தால், இடையில் இருக்கும் வித்தியாசம் அந்த ஆள் தன் அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு எரித்தார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். செலவு தெரிந்தால், உடம்பின் மாற்றத்தையும் சேர்த்து வைத்து வரவையும் கணக்கிடலாம்.

கணக்கிட்டார்கள். காப்பாற்றியவர்கள் போட்டிக்கு முந்தைய அளவைவிட சுமார் 9 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். எடை திரும்பியவர்கள் சுமார் 7 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். இந்த வித்தியாசத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதாவது எடை திரும்பியவர்கள் கட்டுப்பாடு இல்லாமல் தின்று தீர்த்தவர்கள் என்ற கதை பொய்.

உடல் உழைப்பில்தான் பிரிந்தது. காப்பாற்றியவர்களின் உடல் இயக்கம் போட்டிக்கு முன்பு இருந்ததைவிட 160 சதவீதம் கூடியிருந்தது. எடை திரும்பியவர்களுக்கு 34 சதவீதம். ஆய்வாளர்கள் இதை நிமிடக் கணக்கிலும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்: தினம் சுமார் 80 நிமிடம் வேகமான நடை போன்ற மிதமான இயக்கம், அல்லது சுமார் 35 நிமிடம் தீவிரமான இயக்கம், முன்பு செய்துகொண்டிருந்ததற்கு மேல் கூடுதலாக.

அப்படியென்றால் அந்த மெதுவான மெட்டபாலிசம்? 2022-இல் கெவின் ஹாலே இந்தத் தரவுகளை மறுபடி எடுத்துவைத்து வேறு விளக்கம் சொன்னார். ஒருவர் வருடக்கணக்கில் நிறைய இயங்கினால், உடம்பு வேறு இடங்களில் சிக்கனம் பிடித்து மொத்தச் செலவை ஓரளவுக்கு மேல் போகவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் ஓய்வுநிலைச் செலவு குறைந்திருப்பது நிறைய இயங்குபவரின் உடம்பு காட்டும் அடையாளமாகக்கூட இருக்கலாம். இது விளக்கம்தான், முடிந்த தீர்ப்பு என்று அவரும் சொல்லவில்லை. ஆனாலும் ஆறு வருடமாக 'என் மெட்டபாலிசம் செத்துப்போச்சு' என்று நம்பி உட்கார்ந்துவிட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

பசி

சாப்பாடு முக்கியமே இல்லை என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. எடை இறங்குகிற கட்டத்தில் சாப்பாடுதான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது, உடற்பயிற்சியை மட்டும் வைத்துக் குறைக்கப் பார்ப்பது மெதுவான வேலை. இறங்கின பிறகு பிடித்து நிறுத்துகிற கட்டத்தில்தான் இயக்கத்தின் மதிப்பு ஏறுகிறது. இந்த இரண்டும் இரண்டு தனி வேலை, இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும் என்பதுதான் நான் இந்த 14 பேரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம். முதல் வேலையின் உத்வேகத்திலேயே இரண்டாவதும் ஓடிவிடும் என்று நம்புகிற இடத்தில்தான் வண்டி குடைசாய்கிறது.

பசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். எடை குறைந்தால் உடலின் செலவு ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு சுமார் 20 முதல் 30 கலோரி குறைகிறது. அதே ஒரு கிலோவுக்குப் பசி நாளுக்கு சுமார் 100 கலோரி கூடுகிறது. இதுவும் ஹால் குழுவினர் 2016-இல் போட்ட கணக்குதான். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் ஒரு மருந்தைச் சாப்பிட்டவர்கள், தங்களுக்கு கலோரி கசிவது தெரியாமலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் கூட்டியதை வைத்துக் கண்டுபிடித்தது. 5 கிலோ குறைத்த ஒருவருக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: செலவில் 100 முதல் 150 கலோரி போகிறது, பசியில் 500 கலோரி வருகிறது. மெட்டபாலிசத்தைப் பழிக்கிறோம், ஆனால் இழுக்கிற கயிறு பசியின் கையில் இருக்கிறது. 2011-இல் வந்த இன்னோர் ஆய்வில், 10 வாரம் மிகக் குறைந்த கலோரியில் இருந்து எடை குறைத்தவர்களுக்கு, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

அதனால் 'மன உறுதி போதவில்லை' என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. கூடுதல் பசியோடு பல வருடம் வாழ வேண்டியிருக்கும் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு, அந்தப் பசிக்கு எதைக் கொடுப்பது என்று யோசிப்பது நல்லது. புரதமும் நார்ச்சத்தும் கூடுதலாக உள்ள, மெல்ல நேரம் எடுக்கும் சாப்பாடு பசி தாங்கும். பாக்கெட்டில் வரும், தொழிற்சாலையில் பலமுறை பதப்படுத்திய சாப்பாடு எதிர்ப்பக்கம் இழுக்கும்: 2019-இல் 20 பேரை ஒரு மாதம் ஆய்வகத்திலேயே தங்கவைத்து, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக வைத்து, வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னபோது, பதப்படுத்தாத உணவு கொடுத்த இரண்டு வாரத்தைவிட, பதப்படுத்திய உணவு கொடுத்த இரண்டு வாரத்தில் நாளுக்கு சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. மற்றபடி குறைந்த கொழுப்பா, குறைந்த மாவுச்சத்தா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. 2018-இல் 609 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்ததில் இரண்டுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. எதை அலுக்காமல் நாலு வருடம் சாப்பிட முடியுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

80 நிமிடம் எங்கிருந்து வரும்

80 நிமிடம் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு மனசு விட்டுப்போகும். எனக்கும் அந்த எண்ணைப் பார்த்ததும் 'சரி, நமக்கு ஆகாது' என்றுதான் தோன்றியது. ஆனால் அது சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கான கணக்கு. 6, 7 கிலோ குறைக்கிறவருக்கு அவ்வளவு பெரிய பள்ளம் விழுவதில்லை, நிரப்ப வேண்டியதும் குறைவு.

இன்னொன்று, அதை ஒரே மூச்சில் ஜிம்மில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் முறை எல்லாவற்றையும் கூட்டித்தான் கணக்குச் சொன்னது, படி ஏறியது, பேருந்து நிறுத்தம் வரை நடந்தது, வீடு பெருக்கியது எல்லாமே அதில் சேரும். காலையில் 25 நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 10, போனில் பேசிக்கொண்டே 15, மாலையில் 30 என்று சிதறிக் கிடந்தாலும் உடம்புக்குக் கணக்கு தெரியும். நடையை ஒரு நேரத்தோடு கட்டிப்போடுவதைவிட ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டிப்போடுவது நல்லது. 'மாலை ஆறு மணிக்கு நடப்பேன்' என்றால் ஆறு மணிக்கு மீட்டிங் வந்துவிடும். 'வேலை முடிந்து லேப்டாப்பை மூடியதும், செருப்பை மாட்டுவேன்' என்றால் மீட்டிங் எவ்வளவு தள்ளிப்போனாலும் லேப்டாப்பை மூடித்தானே ஆக வேண்டும்.

பழக்கம் ஊன்ற 21 நாள் போதும் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. 96 பேரை வைத்து லண்டனில் செய்த ஓர் ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் யோசிக்காமல் வரும் அளவுக்கு ஊன்ற நடுமட்டமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஊன்றும், உடற்பயிற்சி தாமதமாகும். அதே ஆய்வில் எனக்கு ஆறுதலான விஷயம், நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம்

அமெரிக்காவில் 1994-இல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருடமாவது காப்பாற்றியவர்கள் மட்டும் அதில் சேரலாம். பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். எப்படிக் குறைத்தார்கள் என்று பார்த்தால் ஆளுக்கொரு வழி. எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறது: பத்தில் ஒன்பது பேர் தினம் சராசரியாக ஒரு மணி நேரம் இயங்குகிறார்கள், முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். ஜெயித்தவர்கள் மட்டுமே உள்ள பட்டியல் என்பதால் இதை வைத்துக் காரண காரியம் சொல்ல முடியாதுதான். இதையே செய்து தோற்றவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் பட்டியலில் வரமாட்டார்கள். ஆனாலும் அந்த 14 பேரில் மேல்பாதி செய்ததும் இவர்கள் செய்வதும் ஒத்துப்போகிறது.

எடை பார்ப்பதைத் தனியாக எடுத்துச் சோதித்திருக்கிறார்கள், அதுவும் ரீனா விங் குழுதான், 2006-இல். ஏற்கெனவே சராசரியாக 19 கிலோ குறைத்துவிட்டிருந்த 314 பேர். மேலும் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, இருப்பதை 18 மாதம் காப்பாற்றினால் போதும். முறை இதுதான்: தினம் எடை பார்க்க வேண்டும். தொடங்கிய எடையைவிட 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை, அப்படியே தொடரலாம். அதைத் தாண்டினால் மஞ்சள், சாப்பாட்டிலும் நடையிலும் எங்கே நழுவியது என்று பார்த்துச் சின்னதாகச் சரிசெய்ய வேண்டும். 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு, எடை குறைத்த காலத்தில் செய்ததை முழுசாகத் திரும்ப எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆலோசகரின் உதவியோடு. 18 மாதம் கழித்து, வெறுமனே செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கு 2.3 கிலோ அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தது. நேரில் சந்தித்து இந்த முறையைச் செய்தவர்களில் அது 46 சதவீதம். இணையம் வழியாகச் செய்தவர்களில் 55.

எனக்கு இதில் பிடித்தது அந்த மஞ்சள் கட்டம். எடை ஒருநாளும் திடீரென்று 10 கிலோ ஏறுவதில்லை, 2 கிலோ ஏறும்போது நாம் மெஷினைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம், அப்புறம் ஒருநாள் சட்டை பட்டன் போடும்போதுதான் தெரிகிறது, அதற்குள் 8 ஆகியிருக்கும். 8 கிலோவைத் திரும்பக் குறைப்பதற்கு மறுபடி ஒரு போர் நடத்த வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு வாரம் ஒழுங்காக இருந்தால் போதும்.

நடைமுறையில் செய்யும்போது ஒரு தொல்லை உண்டு. உப்பு கூடின சாப்பாடு, மாதவிடாய், மலச்சிக்கல், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி என்று எதெதற்கோ தண்ணீர் சேர்ந்து எடை ஒன்று இரண்டு கிலோ மேலும் கீழும் ஆடும். ஒருநாள் எண்ணைப் பார்த்து மஞ்சள், சிவப்பு என்று ஓடினால் பைத்தியம் பிடித்துவிடும். காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, எதுவும் குடிப்பதற்கு முன்னால், ஒரே மெஷினில், அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் வைத்து நிறத்தை முடிவு செய்யுங்கள். இது நான் சேர்த்துக்கொண்ட திருத்தம், அந்த ஆய்வில் இருந்தது இல்லை. இன்னொன்று, உணவுக் கோளாறு முன்பு இருந்தவர்களுக்கும் அந்த எண்ணைப் பார்த்தாலே நாள் முழுக்க மனசு கெட்டுப்போகிறவர்களுக்கும் இந்தத் தினசரி எடை பார்க்கும் பழக்கம் வேண்டாம். அவர்கள் இடுப்பளவை மாதம் ஒருமுறை யாரையாவது அளக்கச் சொல்லலாம், அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடையை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு குறைத்தால் போதும்

அந்த ஷோவின் பெரிய கேடு உடம்புக்கு வந்ததைவிட அளவுகோலுக்கு வந்தது என்று நினைக்கிறேன். 58 கிலோவைப் பார்த்துவிட்டவனுக்கு 6 கிலோ கேவலமாகத் தெரியும். ஆனால் சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002-இல் வெளியான பெரிய ஆய்வில் கேட்டதே அவ்வளவுதான்: எடையில் 7 சதவீதம், வாரம் 150 நிமிட நடை. 85 கிலோ ஆளுக்கு 6 கிலோ. அதற்கே, வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களுக்கு 31 சதவீதம். நடந்து எடை குறைத்த அவர்களுக்கும் போகப்போக எடை கணிசமாகத் திரும்பியது. ஆனாலும் பத்து வருடக் கணக்கில் சர்க்கரை நோய் 34 சதவீதம் குறைவாகவே இருந்தது. கொஞ்சம் திரும்பி வந்தால் எல்லாம் வீண் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒட்டாத விஷயங்கள்

14 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதிலும் பாதியாகப் பிரித்தால் ஏழு ஏழு பேர். நிறைய இயங்கியதால் எடை நின்றதா, எடை நின்றதால் முட்டி வலிக்காமல் நிறைய இயங்க முடிந்ததா என்று இந்த ஆய்வை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது என் ஊகம். யாருக்கு நேரம் கிடைத்தது, யார் இரவு ஷிஃப்டில் மாட்டினார்கள், யாருக்கு வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தார் என்பதெல்லாம் இந்த எண்களில் தெரியாது. தைராய்டு, மன அழுத்தத்துக்கான சில மருந்துகள், ஸ்டீராய்டு இவையெல்லாம் எடையைத் தள்ளும். எவ்வளவு செய்தும் அசையவில்லை என்றால் முதலில் டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

இப்போது எடை குறைக்கும் ஊசி மருந்துகள் வந்துவிட்டன, இனி இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செமாகுளூடைடு என்ற ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2021-இல் வெளியான ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது, பசியையே அடக்குவதால் மேலே சொன்ன அந்தக் கயிற்றைத்தான் அது அறுக்கிறது. மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. 58-இல் 41 திரும்பியதும் கிட்டத்தட்ட அதே பங்குதான், அங்கே ஆறு வருடம் ஆனது. ஆகவே ஊசி போடத் தொடங்குகிறவர் முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: இதை எவ்வளவு காலம் போட வேண்டியிருக்கும், நிறுத்தினால் அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும். பசி அடங்கியிருக்கிற அந்த மாதங்களில் நடையையும் தசைப் பயிற்சியையும் ஊன்றிக்கொள்வது, பசி திரும்பிய பிறகு தொடங்குவதைவிட எளிது.